முரசை ஒட்டிய இரண்டு மில்லிமீற்றர்: லேசர் வரியிட்ட பல் இம்பிளான்ட் பற்றிய ஒரு மதிப்பீடு

இந்த மதிப்பீட்டின் முடிவை முதலிலேயே கூறிவிடுகிறேன். கழுத்துப் பகுதியில் லேசர் கதிரால் நுண்வரிகள் பொறிக்கப்பட்ட பல் இம்பிளான்ட் (பல் போன இடத்தில் தாடை எலும்புக்குள் இறக்கும் உலோக வேர்), அதற்காகக் கூடுதலாகக் கேட்கப்படும் பணத்துக்குப் பெறுமதியானதுதான். ஆனால் அந்தப் பெறுமதி முழுவதும், முரசும் (ஈறும்) எலும்பும் உலோகத்தைச் சந்திக்கும் இடத்தில், இரண்டு மில்லிமீற்றருக்கும் குறைந்த உயரமுடைய ஒரு வளையத்துக்குள் அடங்கியிருக்கிறது. எலும்பில் விரைவாகப் பிடித்துவிடும், வலி இருக்காது, ஆயுள் முழுவதும் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை என்றெல்லாம் சொல்லப்படும் விற்பனைப் பேச்சுக்கும் அந்த வளையத்துக்கும் உள்ள தொடர்பு மிகவும் குறைவு.

நான் திருகோணமலையில் உயர்தர மாணவருக்கு உயிரியல் கற்பிப்பவன். கீழ்த் தாடையின் வலப்பக்கத்தில் கொடுப்புப் பல் ஒன்று போன இடத்தில் இப்போது இருப்பது, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பேர்மிங்காம் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பயோஹொரைசன்ஸ் நிறுவனத்தின் லேசர்-லொக் வகை இம்பிளான்ட். இடப்பக்கத்தில், சில ஆண்டுகளுக்கு முன்னர் பொருத்திய, கழுத்து வழுவழுப்பாகக் கடைந்தெடுக்கப்பட்ட வேறொரு நிறுவனத்தின் இம்பிளான்ட் இருக்கிறது. ஒரே வாயில் இரண்டு வகையும் இருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அந்த ஒப்பீட்டை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் கீழே சொல்கிறேன். சிகிச்சை பெற்ற நிலையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை, ஏனெனில் இது பொருளைப் பற்றிய மதிப்பீடு.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்றவேண்டியிருக்கிறது. காத்திருக்கும் அறையில் என்னுடன் பேசிக்கொண்டிருந்த மூதூரைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், "லேசராலை செய்யினம் எண்டால் எலும்பிலை துளை போடமாட்டினந்தானே தம்பி" என்று கேட்டார். சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் படிக்கும் எவருக்கும் அப்படித்தான் தோன்றும். உண்மையில் லேசர் வேலை செய்து முடித்துவிட்ட இடம் தொழிற்சாலை. வாய்க்குள் நடப்பது எந்த இம்பிளான்ட்டுக்கும் நடக்கும் அதே அறுவைச் சிகிச்சைதான்: முரசைத் திறந்து, எலும்பில் படிப்படியாகப் பருமன் கூடிய துளைகருவிகளால் துளையிட்டு, திருகாணியைப் போல முறுக்கி இறக்குவார்கள். துளையிடும்போது உப்புநீரைத் தொடர்ந்து பாய்ச்சிக் குளிரவைப்பதற்குக் காரணம் உண்டு. எலும்பின் வெப்பநிலை 47 பாகை செல்சியசில் ஒரு நிமிடம் நின்றாலே அந்த இடத்து எலும்புக் கலங்கள் பாதிக்கப்படத் தொடங்கும் என்பது 1980களிலேயே விலங்குச் சோதனைகளில் காட்டப்பட்டது. இம்பிளான்ட்டின் மேற்பரப்பு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், சூடேறிய துளைக்குள் இறக்கினால் அதனால் பயன் இல்லை. ஆகவே பெரியவருக்கு என் பதில், துளை உண்டு, விறைப்பூசியும் உண்டு என்பதாகவே இருந்தது.

இனிப் பொருளைப் பார்ப்போம். உடல் முழுவதும் டைட்டேனியக் கலப்புலோகம். அதில் அலுமினியம் 6 வீதமும் வனேடியம் 4 வீதமும் சேர்ந்திருக்கின்றன. எலும்புக்குள் புதையும் புரிகளின் மேற்பரப்பு, உடலில் கரையக்கூடிய கல்சியம் பொஸ்பேற்றுத் துகள்களை வேகமாக மோதவிட்டுச் சொரசொரப்பாக்கப்பட்டது. லேசர் தொட்டது கழுத்தை மட்டுமே. இந்த வகையைப் பற்றி வெளியான தொடக்க ஆய்வுகளில் விவரிக்கப்பட்ட வடிவத்தில், 2 மில்லிமீற்றர் உயரமான கழுத்தின் கீழ் 1.5 மில்லிமீற்றரில்தான் வரிகள் இருந்தன: மேலே 0.7 மில்லிமீற்றரில் 8 மைக்ரோமீற்றர் அளவிலான வரிகள் மென்னிழையத்துக்காகவும், அதற்குக் கீழே 0.8 மில்லிமீற்றரில் 12 மைக்ரோமீற்றர் அளவிலான வரிகள் எலும்புக்காகவும். வரிகள் கழுத்தைச் சுற்றி வளையமாக ஓடுகின்றன. வெறுங்கண்ணுக்கு அது சற்று மங்கிய ஒரு பட்டையாக மட்டுமே தெரியும். 8 மைக்ரோமீற்றர் என்பது ஏறத்தாழ ஒரு செங்குருதிக் கலத்தின் விட்டம்.

மணல் துகள்களை மோதவிட்டும் அமிலத்தில் அரித்தும் சொரசொரப்பாக்கும் பழைய முறைகளில் மேடும் பள்ளமும் தாறுமாறாகவே அமையும். சராசரி உயரத்தைக் கட்டுப்படுத்தலாம், ஒவ்வொரு பள்ளத்தின் இடத்தையும் திசையையும் கட்டுப்படுத்த முடியாது. அலுமினா துகள்களை மோதவிடும் முறையில், அவற்றுட் சில உலோகத்தில் பதிந்து எஞ்சிவிடுவதும் உண்டு. லேசரில் கருவி உலோகத்தைத் தொடுவதே இல்லை. மிகக் குறுகிய துடிப்புகளாக வரும் ஒளி, விழுந்த இடத்து உலோகத்தை உருக்கி ஆவியாக்கி அகற்றுகிறது. கணினியில் வரைந்த கோட்டின்படி வரி விழுகிறது. ஆய்வுகூடங்களில் இப்போது பெம்ரோசெக்கன் லேசரையே பெரிதும் நாடுகிறார்கள். ஒரு செக்கனின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கை மீண்டும் ஒரு இலட்சமாகப் பிரித்தால் கிடைப்பது அந்தக் காலம். வெப்பம் பக்கத்து உலோகத்துக்குப் பரவுவதற்கு முன்னரே துடிப்பு முடிந்துவிடுவதால் வரியின் விளிம்பு உருகி வழிவது மிகக் குறைவு. போதாததற்கு, அந்த வரிக்குள்ளேயே சில நூறு நனோமீற்றர் இடைவெளியில் இன்னும் நுண்ணிய அலைகள் தாமாகவே உருவாகின்றன. லேசர் ஒளி பட்ட மேற்பரப்பில் இத்தகைய ஒழுங்கான அலைகள் தோன்றுவது 1965 இலேயே அவதானிக்கப்பட்டது. அதை எலும்புக் கலத்துக்குப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் வருவதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

இந்த இடத்தில் எங்கள் மாவட்டத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. டைட்டேனியத்தின் மூலப்பொருளான இல்மனைற்றும் ரூட்டைலும் புல்மோட்டைக் கடற்கரைக் கனிய மணலில் இருந்து பல பத்தாண்டுகளாக வெளிநாடுகளுக்கு ஏற்றப்படுகின்றன. ரூட்டைல் என்பது டைட்டேனியம் ஈரொட்சைட்டு. இம்பிளான்ட்டின் மேல் காற்றுப் பட்டவுடன் தானாகவே படியும், சில நனோமீற்றர் தடிப்புள்ள தோலும் டைட்டேனியத்தின் ஒட்சைட்டுத்தான். என் வாயில் இருக்கும் உலோகம் எந்த மணலிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் உடல் இந்த உலோகத்தை ஏற்றுக்கொள்வதற்குக் காரணமான அந்தத் தோலின் வேதியியலை விளக்குவதற்கு, நான் மாணவருக்குக் காட்டுவது புல்மோட்டையின் கறுத்த மணலைத்தான்.

கலங்கள் இந்த மேற்பரப்பில் எவ்வாறு ஒட்டுகின்றன என்பதுதான் இந்தப் பொருளின் உயிர்நாடி. கலம் ஒருபோதும் வெறும் உலோகத்தைத் தொடுவதில்லை. இம்பிளான்ட் குருதியில் நனைந்தவுடன் முதலில் நீரும் அயன்களும், சில செக்கன்களுக்குள் புரதங்களும் அதன்மேல் படிகின்றன. அல்புமின் போன்ற மிகுதியாக உள்ள புரதங்கள் முந்திக்கொள்ள, பின்னர் அவற்றுட் பலவற்றை இடம்பெயர்த்துக்கொண்டு பைப்ரோனெக்டின், விட்ரோனெக்டின் போன்ற ஒட்டுப் புரதங்கள் அமர்கின்றன. இந்தப் புரதங்களில் ஆர்ஜினின், கிளைசின், அஸ்பாற்றிக் அமிலம் என்ற மூன்று அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து வரும் ஒரு சிறு பகுதி உண்டு. கலங்கள் பற்றிக்கொள்வது அந்தச் சிறு பகுதியைத்தான் என்பதை 1984 இல் பியர்ஷ்பாகர், ரூஸ்லாட்டி என்ற இருவர் காட்டினார்கள். கலத்தின் முதலுரு மென்சவ்வை ஊடுருவி நிற்கும் இன்டெக்ரின் என்ற புரதம் வெளியே அந்தப் பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. உள்ளே வின்குலின், டாலின் முதலிய புரதங்களின் வழியாக அக்டின் நார்களோடு இணைகிறது. இத்தகைய பிடிகள் பல ஒரே இடத்தில் திரளும்போது அந்த இடம் கலத்தின் நங்கூரமாகிறது. நங்கூரங்கள் அமைந்த பிறகுதான் கலம் தட்டையாகப் பரவி, தன் உட்சட்டகமான குழியவன்கூட்டை இழுத்துப் பார்த்து, தான் நிற்கும் தளம் எத்தகையது என்பதை உணர்ந்து, பெருகுவதா, நகர்வதா, கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைச் சுரப்பதா என்று முடிவுசெய்கிறது.

மேற்பரப்பின் வடிவம் குறுக்கிடுவது இங்கேதான். நங்கூரங்கள் வரியின் மேட்டு விளிம்பை ஒட்டியே பெரிதும் அமைகின்றன. விளிம்புக்கு நெடுக்கே நீளமாக வளர அவற்றுக்கு இடம் உண்டு, குறுக்கே வளர இடம் இல்லை. அக்டின் நார்களும் அதே திசையில் அடுக்கப்பட, தம்பலகாமத்து வயலுக்குள் இறங்கியவர் வரப்பைப் பிடித்துக்கொண்டே நடப்பதைப் போலக் கலமும் வரியின் நெடுக்கே நீண்டு, அதே திசையில் நகர்கிறது. இது புதிய கண்டுபிடிப்பு அன்று. இழைய வளர்ப்பு முறையைத் தொடக்கிவைத்த ரோஸ் ஹாரிசன் 1914 இல், சிலந்தி இழைகளின்மேல் வளர்த்த முளையக் கலங்கள் அந்த இழைகளைப் பின்பற்றி நீளுவதை எழுதிவைத்தார். 1940களில் போல் வைஸ் இதனைத் தொடுகை வழிகாட்டல் என்று பெயரிட்டு ஆராய்ந்தார். இந்த வரித் தொழில்நுட்பத்தை உருவாக்கிய, நியூயோர்க்கைச் சேர்ந்த ஜோன் ரிச்சியும் ஹரல்ட் அலெக்சாண்டரும் செய்தது, எந்த அளவு வரி எந்தக் கலத்தை எவ்வாறு நடத்துகிறது என்பதைத் தேடியதுதான். நாரிழையத்தை உருவாக்கும் நாரரும்பர்க் கலங்களையும் எலும்பு மச்சைக் கலங்களையும் வரியிட்ட தளங்களில் வளர்த்தபோது, வட்டமாகப் பரவவேண்டிய கலக் கூட்டங்கள் வரியின் திசையில் நீண்டன. வரிக்குக் குறுக்கான வளர்ச்சி தடைப்பட்டது. லேசர்-லொக் வரியின் அளவுகள் இந்த வகையான தேடலில் இருந்து வந்தவை.

வாயில் இதன் பயன் என்ன? இயற்கைப் பல்லின் வேரிலிருந்து கொலாஜன் நார்கள் செங்குத்தாகப் புறப்பட்டு முரசுக்குள்ளும் எலும்புக்குள்ளும் புதைந்திருக்கின்றன. அவை இருக்கும்வரை, முரசின் வெளிப்போர்வையான மேலணி இழையம் பல்லை ஒட்டிக் கீழே இறங்க முடியாது, பக்டீரியாவும் எளிதில் நுழைய முடியாது. வழுவழுப்பான கழுத்துள்ள இம்பிளான்ட்டில் அந்த நார்கள் உலோகத்துக்கு இணையாகவும் அதைச் சுற்றியும் ஓடுகின்றனவே தவிர, உலோகத்தைப் பிடிப்பதில்லை. இடைவெளியை மேலணி இழையம் நிரப்பிக்கொண்டு கீழே இறங்குகிறது. தனக்குத் தேவையான இழைய உயரத்தைப் பெற்றுக்கொள்வதற்காக உடல் எலும்பைப் பின்வாங்கச் செய்கிறது. முதல் ஆண்டில் ஒன்றரை மில்லிமீற்றர் வரையிலான எலும்பு இழப்பையும், அதன் பின்னர் ஆண்டுக்கு 0.2 மில்லிமீற்றருக்குக் குறைந்த இழப்பையும் வெற்றியாகவே கொள்ளலாம் என்று முன்னர் வகுத்த அளவுகோல் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தப் பின்வாங்கல் எவ்வளவு வழமையானதாகக் கருதப்பட்டது என்பது விளங்கும்.

வரியிட்ட கழுத்தில் மேலணி இழையம் வரிகளைக் குறுக்காகக் கடந்தே இறங்கவேண்டும். அந்த இறக்கம் வரிப்பட்டையின் மேல் விளிம்பிலேயே மந்தமாகிறது. வரிகளுக்குள் நாரரும்பர்கள் குடியேறிச் சுரக்கும் கொலாஜன் நார்கள் உலோகத்துக்குச் செங்குத்தாக நிற்பதை, சுற்றியுள்ள எலும்போடும் முரசோடும் எடுக்கப்பட்ட மனித மாதிரிகளின் நுண்காட்டிப் படங்களாக நெவின்சும் அவருடைய குழுவினரும் 2008 இல் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு பெக்கோரா குழுவினரின் ஒப்பீடு வந்தது: 15 நோயாளரில் பொருத்திய 20 சோடி இம்பிளான்ட்டுகளில், 37 மாதங்களின் பின்னர், வரியிட்ட கழுத்தைச் சுற்றிய எலும்பு இழப்புச் சராசரியாக 0.59 மில்லிமீற்றர், வரியில்லாத கழுத்தில் 1.94 மில்லிமீற்றர்.

இந்த எண்கள் கவர்ச்சியானவை. ஆனால் வாங்குபவர் இரண்டு விடயங்களைக் கவனிக்கவேண்டும். அந்த ஆய்வை எழுதியவர்களில் ரிச்சியும் அலெக்சாண்டரும், அதாவது இந்தத் தொழில்நுட்பத்தை உருவாக்கியவர்களே, இடம்பெறுகிறார்கள். அது ஆய்வைப் பொய்யாக்கிவிடாது. எனினும் 15 பேர் என்பது சிறிய தொகை. இரண்டாவதாக, ஒப்பிடப்பட்டது வரியில்லாத கழுத்தோடு. இன்று சந்தையிலுள்ள வேறு பல இம்பிளான்ட்டுகள், மேலுள்ள பல்லைத் தாங்கும் இணைப்புத் துண்டை இம்பிளான்ட்டின் விளிம்பை விடச் சிறிதாக்கி உள்ளே தள்ளிவைப்பது போன்ற வேறு உத்திகளால் எலும்பு இழப்பைக் குறைக்கின்றன. லேசர் வரி இல்லாத அத்தகைய இம்பிளான்ட்டுக்கும் இதற்கும் இடையில் அதே அளவு வேறுபாடு இருக்கும் என்று எதிர்பார்ப்பது சரியன்று.

எலும்பில் விரைவாகப் பிடிக்கும் என்ற கூற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னாற் போதும். எலும்பு டைட்டேனியத்தோடு நேரடியாக இணைகிறது என்பதை சுவீடனின் பிரோனமார்க் 1952 இல் முயல்களில் கண்டார்; 1965 இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். அவருடைய பழைய முறையில் கீழ்த் தாடைக்கு மூன்று மாதமும் மேல் தாடைக்கு ஆறு மாதமும் காத்திருக்கவேண்டியிருந்தது. பின்னர் வந்த மிதமான சொரசொரப்பு, அதாவது 1 முதல் 2 மைக்ரோமீற்றர் வரையிலான மேடுபள்ளம், அந்தக் காலத்தைக் கணிசமாகக் குறைத்தது; மணல் மோதி அமிலத்தில் அரித்த மேற்பரப்புகளும் அந்த வேலையை நன்றாகவே செய்கின்றன. லேசர்-லொக்கில் எலும்போடு இணையும் பரப்பின் மிகப் பெரும் பகுதி லேசர் தொடாத புரிகள்தான். ஆகவே காத்திருக்கும் காலத்தில் எனக்கு எந்தச் சலுகையும் கிடைக்கவில்லை. மூன்றாம் நான்காம் வாரங்களில் பழைய எலும்பின் இறுக்கம் தளர்ந்து புதிய எலும்பு இன்னும் வலுப்பெறாத ஒரு மெலிந்த காலம் எல்லா இம்பிளான்ட்டுக்கும் உண்டு. அந்த நாட்களில் வலப்பக்கத்தால் சப்ப வேண்டாம் என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், நானும் இடியப்பமும் சொதியுமாகவே காலத்தை ஓட்டினேன்.

பொருத்தும் விதத்தில் ஒன்று என் கவனத்தைக் கவர்ந்தது. கிருமிநீக்கிய குப்பியைத் திறந்தவுடன், கழுத்தையோ புரியையோ கையுறை விரலால்கூடத் தொடாமல், உட்பக்கத்துக் குழியில் செருகும் கருவியாலேயே இம்பிளான்ட்டை எடுத்து நேரே துளைக்குள் வைத்தார்கள். டைட்டேனியத்தின் ஒட்சைட்டுத் தோல் காற்றிலுள்ள ஐதரோகாபன் மாசுகளை மெல்ல மெல்லப் பற்றிக்கொண்டு நீரை விலக்கத் தொடங்கும். முதலில் படியவேண்டியது குருதிப் புரதமே அன்றி கையுறையின் தூள் அன்று. அந்த ஒழுங்குக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கிறேன்.

அதைவிட முக்கியமானது ஆழம். கழுத்தின் 12 மைக்ரோமீற்றர் பகுதி எலும்பு விளிம்பிலும் 8 மைக்ரோமீற்றர் பகுதி முரசிலும் அமையும்படி இறக்கினால்தான் வடிவமைத்தவர் நினைத்தது நடக்கும். அளவுக்கு மீறி ஆழமாக இறக்கினால் முரசுக்கென்று பொறித்த வரிகள் எலும்புக்குள் மறைந்துவிடுகின்றன. மேலே நின்றால் அவை வாய்க்குள் வெளிப்பட்டுவிடுகின்றன. கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய வளையத்தின் பயன் வைத்தியரின் கையில், ஒரு மில்லிமீற்றரின் சில பங்குகளில், தங்கியிருக்கிறது. எனவே இந்தப் பொருளை எடுப்பதாக இருந்தால், எத்தனை இம்பிளான்ட் பொருத்தியிருக்கிறீர்கள் என்று கேட்பதைவிட, முப்பரிமாண ஸ்கேனில் கழுத்தை எந்த மட்டத்தில் நிறுத்தப் போகிறீர்கள் என்று கேட்பது பயனுள்ளது. நான் கேட்டேன். கணினித் திரையில் கோடு போட்டுக் காட்டினார்கள்.

இப்பொருளின் மிகப் பெரிய பலவீனமும் அதே வளையத்தில்தான் இருக்கிறது. மேற்பரப்பைப் பிடிப்பதற்கு உடலின் கலங்களும் பக்டீரியாவும் ஓட்டப்பந்தயம் ஓடுகின்றன என்று 1987 இல் அந்தனி கிறிஸ்டினா என்ற என்பியல் வைத்தியர் எழுதினார். கலம் முந்தினால் இடம் அடைபட்டுவிடும். பக்டீரியா முந்தினாலோ, அல்லது பின்னர் முரசு கரைந்து வரிகள் வெளிப்பட்டாலோ, அந்த வரிகளே அதற்கு நல்ல குடியிருப்பாகிவிடும். வாயிலுள்ள பக்டீரியாக்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரோமீற்றர் அளவினவை. 8 மைக்ரோமீற்றர் வரிக்குள் அவை வசதியாகத் தங்கும். பற்தூரிகை மயிரின் தடிப்பு ஏறத்தாழ 150 முதல் 200 மைக்ரோமீற்றர். அதாவது வரியைவிட இருபது மடங்கு பெரியது. வெளிப்பட்டுவிட்ட வரிகளைத் தூரிகையால் சுத்தம் செய்வது நடவாத காரியம். வழுவழுப்பான கழுத்து வெளிப்பட்டால் குறைந்தபட்சம் துடைத்தாவது வைத்திருக்கலாம்.

இதனால் புகைப்பவருக்கும், சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கும், முரசு வியாதியால் பல்லை இழந்து அந்த வியாதிக்குச் சிகிச்சை எடுக்காமலே இருப்பவருக்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெற்றிலை போடுபவர்கள் எங்கள் பகுதியில் நிறையப் பேர். அவர்களின் பல்லோரத்தில் சுண்ணாம்பும் காறையும் படிவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பல் துப்புரவு செய்யும்போதும் கவனம் வேண்டும். சாதாரண உருக்குச் சுரண்டியை இந்தக் கழுத்தில் படவிட்டால் வரி சிதையும். பிளாஸ்ரிக், காபன் நார் அல்லது டைட்டேனியக் கருவியையே பயன்படுத்தும்படி முன்கூட்டியே சொல்லவேண்டும்.

என் சொந்த அனுபவத்துக்கு வருகிறேன். பொருத்திய பின்னர் ஒரு நாள் வீக்கமும் தொடர்ந்து சிறிய வலியும் இருந்தன. இடப்பக்கத்துக்குப் பொருத்தியபோதும் அப்படித்தான். இம்பிளான்ட்டின் மேல் பல் வடிவ உறையான கிரவுண் வைத்து ஓர் ஆண்டு கழிந்த பின் எடுத்த எக்ஸ்றேயில், வலப்பக்கத்து எலும்பு கழுத்தின் வரிப்பட்டை அளவில் நிற்கிறது. இடப்பக்கத்தில் அது முதலாவது புரி வரை இறங்கி, கிண்ணம் போல உட்குழிந்திருக்கிறது. மென்மையாக ஆழமளக்கும் கருவியை விட்டுப் பார்த்தபோது வலப்பக்கத்து முரசு இறுக்கமாகத் தடுத்தது. இடப்பக்கத்தில் கருவி கூடுதல் ஆழம் சென்றதோடு சிறிது குருதியும் கசிந்தது. ஆனால் இடப்பக்கம் பல ஆண்டுகள் முந்தியது, பொருத்தியவர் வேறு, அந்த இடத்து எலும்பின் பருமனும் வேறு. ஆகவே இந்த வேறுபாடு முழுவதையும் லேசர் வரியின் கணக்கில் எழுதிவிட முடியாது. முரசு உலோகத்தைப் பற்றிக்கொண்டு நிற்பது போன்ற உறுதி வலப்பக்கத்தில் தெரிகிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஒரு குறை சொல்லவேண்டும். ஒவ்வொரு இம்பிளான்ட்டும் வரும் பொதியில் வகை, விட்டம், நீளம், தொகுதி இலக்கம் ஆகியவை அச்சிடப்பட்ட ஒட்டுத்தாள்கள் இருக்கும். ஒன்று நோயாளியின் கையில் இருக்கவேண்டும். எனக்கு அதைத் தாமாகத் தரவில்லை. கேட்டபோது "அது எங்கட கோப்பில இருக்கு" என்றார்கள். மீண்டும் வற்புறுத்திய பின்னரே கிடைத்தது. கழுத்தில் வரி இருக்கிறதா இல்லையா என்பதை வாய்க்குள் போன பிறகு எவராலும் பார்க்க முடியாது. நீங்கள் விலை கொடுத்து வாங்கிய பொருள்தான் உள்ளே இருக்கிறது என்பதற்கு அந்தத் தாள் ஒன்றே சான்று. வேறு ஒரு காரணமும் இருக்கிறது. திருகோணமலையில் பல குடும்பங்களில் ஒருவராவது கனடாவிலோ லண்டனிலோ இருக்கிறார். முதுமையில் பிள்ளைகளிடம் போய்த் தங்குபவர்களும் உண்டு. அங்கே கிரவுண் தளர்ந்தால், உள்ளிருக்கும் திருகாணிக்கு எந்தச் சாவி பொருந்தும் என்பதைச் சொல்வதும் அதே தாள்தான். பரவலாக அறியப்பட்ட நிறுவனத்தின் பொருளை எடுப்பதில் உள்ள உண்மையான நன்மை இதுவே. இங்கேகூட இணைப்புத் துண்டு கொழும்பிலிருந்து வந்து சேரும்வரை காத்திருக்க நேர்ந்தது.

விலையை எழுதவில்லை, டொலரோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒன்றை எழுதி வைப்பதில் பயன் இல்லை. இதே நிலையத்தில் சாதாரணமான, ஆனால் நல்ல பெயருள்ள வேறொரு இம்பிளான்ட்டுக்கும் இதற்கும் கேட்கப்பட்ட வித்தியாசம் கவனிக்கத்தக்க அளவில் இருந்தது. முரசு மெல்லியதாக உள்ள, சிரிக்கும்போது வெளியே தெரியும் மேல் முன்பல்லுக்கு அந்த வித்தியாசத்தைக் கொடுக்கத் தயங்க வேண்டாம். அங்கே எலும்பு ஒரு மில்லிமீற்றர் இறங்கினாலும் முரசும் இறங்கி, கிரவுணின் அடியில் சாம்பல் நிறம் தெரியத் தொடங்கிவிடும். எலும்பின் உயரம் ஏற்கெனவே குறைந்து, குட்டையான இம்பிளான்ட்டே வைக்க முடியும் என்ற நிலையிலும் இது தகும், ஏனெனில் அங்கே இழப்பதற்கு மில்லிமீற்றர்கள் மிச்சம் இல்லை. எலும்பும் முரசும் தடிப்பாக உள்ள கீழ்க் கொடுப்புக்கு, என்னுடையதைப் போல, இது கட்டாயம் இல்லை. பணம் அளவாக இருந்தால் அந்த வித்தியாசத்தை முப்பரிமாண ஸ்கேனுக்கும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை துப்புரவுக்கும், பல்லிடைத் தூரிகைக்கும் செலவிடலாம். வலப்பக்கத்தால் இப்போது நண்டுக் காலையும் கடிக்க முடிகிறது. வைத்தியர் அதற்கு இன்னும் அனுமதி தரவில்லை.